பெரிய விளக்கை அணைத்த நாள்

எங்கள் கிளினிக்கில் ஊசி போடும் அறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும். மருந்துக் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் கொடுப்பது. மாதத்துக்கு ஒரு ஊர்ப் படம். அந்த வருடம் ஏப்ரலுக்கு ஸ்காண்டிநேவியாவில் ஒரு துறைமுக நகரம் வாய்த்திருந்தது. தண்ணீரை ஒட்டி வரிசையாக மர வீடுகள், ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். இலையே இல்லாத மரத்தில் உடம்பெல்லாம் வெள்ளைப் பூ. ஒரு கிழவரும் கிழவியும் பெஞ்சில் உட்கார்ந்து வெயிலுக்கு முகத்தைக் காட்டியபடி காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். வேண்டுமென்றே வெயிலுக்கு முகம் காட்டுகிற ஆளைக் குவைத்தில் பார்க்க முடியாது. அதனால் ஊசி போட வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் படத்தை ஒரு நிமிடம் வெறிப்பார்கள். எனக்கும் வசதி. அந்த ஒரு நிமிடத்தில் ஊசியைப் போட்டுவிடுவேன்.

என் கண் போனது வேறு இடத்துக்கு. அந்தப் படத்தில் படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. ஒன்றுகூடக் கடலில் இல்லை. மீன்பிடிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவளைக் கேட்டால் வசந்தம் என்பது அதுதான் என்று சொல்வாள்.

நான் குமரிக் கடற்கரைக்காரி. நர்ஸ் வேலைக்கு முதலில் ஃபஹாஹீல் வந்தது நான். பின்னாலேயே மீன்பிடி விசாவில் என் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். கஃபீல், அதாவது அவருக்கு விசா கொடுத்த குவைத்தி முதலாளி, ஒரு ஃபைபர் படகை அவர் கையில் கொடுத்திருந்தார். துணைக்கு ராமநாதபுரத்துக்காரர் ஒருவர். இரண்டு பேரும் விடியும் முன் போவார்கள். சில நாள் மதியமே திரும்புவார்கள், சில நாள் இருட்டிய பிறகு. மீன் நிறைய கிடைத்தால் ஒரு ராத்திரி கடலிலேயே தங்கிவிடுவதும் உண்டு.

எப்போது திரும்புவார் என்று எனக்கு ஒருநாளும் தெரியாது. எங்கள் பக்கத்தில் தொழிலுக்குப் புறப்படுகிற ஆளிடம் எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூடாது. போகிறவரும் சொல்லக் கூடாது. கேட்டால் கடல் கேட்டுவிடும் என்பார்கள். என் அம்மா கேட்டதில்லை, மாமியார் கேட்டதில்லை. நானோ நாள் முழுக்கக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிறவள். காய்ச்சல் எப்போது வந்தது, எத்தனை தடவை வாந்தி, கடைசியாக என்ன சாப்பிட்டாய் என்று ஒருவரையும் விடமாட்டேன். வீட்டு வாசலில் மட்டும் என் வாய்க்குப் பூட்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. ஆனால் கேட்டுவிட்டு, அன்றைக்கென்று பார்த்து அவர் வராமல் போனால், என் படிப்பைத் தூக்கிக்கொண்டு எந்தக் கோர்ட்டுக்குப் போவது? அதனால் கேட்டதே இல்லை.

ஃபஹாஹீலுக்கும் ஒரு வசந்தம் உண்டு. காலண்டரில் போடத் தகுந்தது இல்லை, ஆனாலும் உண்டு. குளிர்ச் சட்டையைக் கழற்றுவதற்கும் ஏசியைப் போடுவதற்கும் நடுவில் சில வாரங்கள். ரவுண்டானாக்களில் நகராட்சிக்காரர்கள் ஊதாவும் வெள்ளையுமாகப் பூச்செடி நட்டு விடுவார்கள். வங்காளதேசத்து ஆட்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் தண்ணீர் விடுவார்கள். வசதியான குவைத்திகள் பாலைவனத்தில் கூடாரம் போட்டுக் குடும்பத்தோடு போய் உட்கார்ந்துகொள்வார்கள். மீதி ஊர் முழுக்கக் கடற்கரைக்கு வரும். பாய் விரித்துக் கெட்டிலோடு உட்கார்ந்திருக்கும் எகிப்துக் குடும்பங்கள், ஒரே நேரத்தில் எட்டுப் பேர் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளும் பிலிப்பைன்ஸ் பெண்கள், சக்கரச் செருப்பு மாட்டிக்கொண்டு வயசானவர்கள் காலில் மோதுகிற பிள்ளைகள், வானம் கொள்ளாமல் பட்டம். வாரக் கடைசியில் நாங்களும் போய்ச் சுவரில் உட்கார்ந்து சுட்ட சோளம் தின்போம்.

வானத்தை மட்டும் நம்ப முடியாது. அந்தப் பருவத்துக்கு அங்கே சராயாத் என்று பேர். மதியம் வரை தெளிந்து கிடக்கும். சாயங்காலம் எங்கிருந்தோ தூசியும் இடியும் வந்து ஊரைப் புரட்டும். ஒரு மணி நேரத்தில் ஒன்றும் தெரியாத பிள்ளை போல மறுபடி தெளிந்துவிடும். நம்ப வைத்துக் கழுத்தை அறுக்கிற வானிலை.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சுவரில் உட்கார்ந்துதான் அவர் தன்னுடைய கணியத்தைக் காட்டினார். கரையில் தெரிகிற அடையாளங்களை வைத்துக் கடலில் தன் இடத்தைக் கணக்குப் போடுவதுதான் கணியம். எங்கள் ஊரில் மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் பார்ப்பார்கள். குவைத்தில் மலைக்கு எங்கே போவது? தெற்கே எண்ணெய் ஆலையில் வாயுவை எரிக்கிற உயரமான குழாய்கள் இருந்தன. அந்தத் தீயை எல்லோரும் ஃப்ளேர் என்போம், அவருக்கு மட்டும் விளக்கு. பக்கத்தில் பெரிய விளக்கு. அதையும் தாண்டி வெகு தெற்கே சின்ன விளக்கு.

"தூசி அடிச்சா பள்ளிவாசல் தூணு தெரியாது, கட்டடம் ஒண்ணும் தெரியாது. பெரிய வெளக்கு மட்டும் தெரியும். அத எடத் தோளுக்கு நேரா வச்சுக்கிட்டு மேக்க பாத்து வந்தா நம்ம ஆர்பர் வாசலாக்கும்" என்றார். மீன்பிடிப் படகுகள் கட்டுகிற துறைதான் ஆர்பர்.

"சின்ன வெளக்கு?"

"அதுக்குப் பக்கம் யாரு போவா? பெரிய வெளக்குக்குக் கீழதான் எண்ணெய்க் கப்பல் வாற பாலம். அதுக்குள்ள நொழைஞ்சா தீந்தது கத."

பக்கத்து நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. எண்ணெய்த் துறையைச் சுற்றித் துப்பாக்கியோடு ரோந்துப் படகு சுற்றும். தெரியாமல் உள்ளே போன படகை முதலில் சுட்டுவிட்டுத்தான் பேர் கேட்பார்கள் என்று மீன் மார்க்கெட்டில் பேச்சு. அது நிஜமோ பொய்யோ தெரியாது. மலை போன்ற கப்பல்கள் அந்தப் பாலத்துக்கு வந்துபோவது நிஜம். தூசிக்குள் ஃபைபர் படகு ஒன்று குறுக்கே கிடந்தால் கப்பல்காரனுக்குத் தெரியவா போகிறது?

கஃபீல் நல்ல மனுஷன். ஒரு ஜி.பி.எஸ். கருவி வாங்கிக் கொடுத்திருந்தார். அது எங்கள் ஃபிரிட்ஜுக்கு மேல், மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பிளாஸ்டிக் உறை கழற்றவில்லை. அதற்கு மேல் ஒரு பூப்போட்ட துணி வேறு.

"உப்புத் தண்ணி பட்டாக் கெட்டுப்போவும்" என்பார் அவர்.

"கடலுக்குக் கொண்டுபோகத்தானே வாங்கிக் குடுத்தாவ?"

"வெல கூடின சாமான். கெட்டா மொதலாளி மொகத்துல எப்பிடி முழிக்கது?"

மாதாவுக்குக்கூட மூடுதுணி கிடையாது. அந்தக் கருவிக்கு இருந்தது.

அந்த நாள் காலையில் வழக்கம்போல இருட்டில் புறப்பட்டுப் போனார். நான் வழக்கம்போலக் கேட்காமல் கதவைச் சாத்தினேன். கிளினிக்கில் முற்பகலில் ஒரு பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கான்ட்ராக்ட் கம்பெனி கேம்ப்பிலிருந்து ஆட்களைச் சிகிச்சைக்குக் கூட்டிவருவது அவர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இருந்தாலும் என்னை அக்கா என்பார். கையில் வெட்டுப்பட்ட ஒருவரை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் சாய்ந்து நின்றார்.

"ஷட்டவுன் ஆரம்பிச்சிருச்சுக்கா. இனிமே தினம் நாலு பேரு கையக் கால வெட்டிக்கிட்டு வருவானுங்க" என்றார்.

ஷட்டவுன் என்றால் வளைகுடாவில் எல்லோருக்கும் தெரியும். வெயில் ஏறும் முன் எண்ணெய் ஆலையில் ஒரு பகுதியை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அதற்கென்று ஆயிரக்கணக்கில் ஆள் எடுப்பார்கள். நான் கட்டுப் போட்டபடியே தலையாட்டினேன்.

"காலைல ஒரு அதிசயம் பாத்தேன். அந்தப் பெரிய ஃப்ளேர அணைச்சிட்டாங்க. இத்தன வருசத்துல அது அணைஞ்சு நான் பாத்ததே இல்லக்கா."

என் கை நின்றுவிட்டது. கை வெட்டுப்பட்டவர் ஏதோ ஆகிவிட்டது என்று தன் விரலைக் குனிந்து பார்த்தார்.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போனபோது அது எரிந்திருக்கும். திரும்பும்போது இருக்காது. மொபைலில் அடித்தேன். கரையிலிருந்து கொஞ்ச தூரம் வரைதான் அங்கே சிக்னல் போகும். அழைத்த எண் இப்போது கிடைக்கவில்லை என்று ஒரு பெண் அரபியில் சொன்னாள். பிறகு இங்கிலீஷில் சொன்னாள். இரண்டிலும் அவள் குரலில் கவலையே இல்லை. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். வானம் பளிச்சென்று இருந்தது. இப்படி வெளிச்சமாக இருந்தால் பள்ளிவாசல் தூணே தெரியும், விளக்கு எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் ஜன்னலைத் திறந்தேன். கூட வேலை பார்த்த மலையாளத்துப் பெண் கடைசியில் ஜன்னலைப் பூட்டிவிட்டாள்.

டியூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. யூனிஃபார்மோடு நேராகக் கடற்கரைக்கு நடந்தேன். கூட்டம் இருந்தது, பட்டம் இருந்தது, சோளக்காரர் இருந்தார். எல்லாம் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. தெற்கே பார்த்தேன். பெரிய குழாய் வெறும் குச்சியாக நின்றது. அதற்கு அப்பால், வெகு தூரத்தில், சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. ஒன்றுமே எரியாவிட்டால் அவர் யோசிப்பார், நின்று நிதானிப்பார். ஒன்று எரிகிறதே. தூசிக்குள் ஒற்றைத் தீ தெரிந்தால் அதைப் பெரிய விளக்கு என்று நினைத்து இடது தோளுக்கு நேராக வைத்துக்கொண்டு வருவார். வந்து சேருகிற இடம் எங்கள் ஆர்பராக இருக்காது. எண்ணெய்ப் பாலமாக இருக்கும்.

தூசி வராவிட்டால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. மாதாவே, இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

வந்தது. ஊருக்குப் பின்னால் வடமேற்கில் வானம் பழுப்பாக எழுந்து நின்றது. எகிப்துக்காரப் பெண் ஒருத்தி முதலில் பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டினாள். உடனே எல்லோரும் சுருட்டினார்கள். பிள்ளைகளைக் கைக்கு ஒன்றாக இழுத்துக்கொண்டு கார்களுக்கு ஓடினார்கள். அறுந்த பட்டம் ஒன்று கடல் பக்கம் போனது. நகராட்சிப் பூக்கள் தரையோடு தரையாகப் படுத்தன. பிறகு பூவும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. சாயங்காலம் ஆகும் முன்பே செம்பழுப்பாக இருட்டிவிட்டது. வாயில் மண் கடிபட்டது.

ஆர்பர் வாசலில் ஒரு காவல் அறை உண்டு. கடலோரக் காவலைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் உள்ளே இருந்தார். என் யூனிஃபார்மைப் பார்த்து எழுந்து நின்றார். என் அரபி கிளினிக் அரபி: எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது, மூச்சை இழுத்து விடு. அதை வைத்துக்கொண்டு கணவர் கடலில் இருக்கிறார், விளக்கு இல்லை, வழி தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நியாயமான கேள்விதான் கேட்டார்.

"எந்தப் பக்கம் போனார்?"

"தெரியாது."

"எத்தனை மணிக்குத் திரும்புவதாகச் சொன்னார்?"

"தெரியாது."

"சொல்லவில்லையா?"

"சொல்லமாட்டார்."

"நீங்கள் கேட்கவில்லையா?"

கேட்கக் கூடாது என்பதை எந்த அரபியில் சொல்வது? கேட்டால் கடல் கேட்டுவிடும் என்று அந்தப் பையனிடம் எப்படிச் சொல்வது? இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு, திரும்பும் நேரமே தெரியாத படகைத் தாமதம் என்று எப்படி எழுதுவது, எந்தப் பக்கம் தேடுவது, அவர் நாளைக் காலை வருவதாகக்கூட இருக்கலாமே என்றார். ஒவ்வொரு வார்த்தையும் சரி. எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. என்னையும்தான்.

கஃபீலுக்கு அடித்தேன். அவர் பாலைவனத்துக் கூடாரத்தில் இருந்தார். காற்றில் கூடாரத் துணி படபடக்கிற சத்தமும், பெண்கள் ஏதோ கத்துகிற சத்தமும், "இன்ஷா அல்லா, இன்ஷா அல்லா" என்று அவர் குரலும் கேட்டன. நான் சொன்னது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. லைன் போய்விட்டது.

வெளியே வந்து முகத்தில் ஷாலைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாக நடந்தேன். கடலோரச் சாலையில் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருந்தன. கண் தெரிகிற வரை யாரும் ஓட்ட முடியாது. அதில் ஒரு பெரிய பஸ். கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அக்கா! இந்த மண்ணுக்குள்ள என்னக்கா பண்றீங்க? ஏறி வாங்க உள்ள."

காலையில் வந்த ஓட்டுநர். பஸ் நிறைய ஷட்டவுன் ஆட்கள், ஷிஃப்ட் முடிந்து கேம்ப்புக்குத் திரும்புகிறவர்கள். நான் படிக்கட்டில் நின்று, அழக் கூடாது என்று நினைத்து, அழுதுகொண்டே சொன்னேன். அவர் எதிரே கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால் ஒன்றும் இல்லை, வெறும் பழுப்பு.

அப்போதுதான் ஒன்று கவனித்தேன். பஸ் கதவு வழியாக மண் என் முதுகில்தான் அடித்தது. நான் கடலைப் பார்த்து நின்றிருந்தேன். காற்று கரையிலிருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் மூடுபனியில் வள்ளம் திரும்பாவிட்டால் கோயில் மணியை நிறுத்தாமல் அடிப்பார்கள்.

"அண்ணே, ஹார்ன் அடிங்க" என்றேன்.

"என்னக்கா?"

"ஹார்ன். நிறுத்தாம அடிங்க. காத்து கடலுக்குத்தான் போவுது. அவியளுக்குக் கேக்கும்."

அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி யோசித்தார். "சும்மா அடிச்சா போலீசுக்காரன் முகாலஃபா எழுதிருவான்க்கா. அபராதத்தக் கம்பெனி என் தலையில கட்டிரும்."

"நான் கட்டுதேன்."

"காசப் பத்திப் பேசாதீங்க" என்று கோபமாகச் சொல்லிவிட்டு ஹார்னில் உள்ளங்கையை வைத்தார்.

பெரிய பஸ்ஸின் காற்று ஹார்ன். உள்ளே இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். என்ன ஆச்சு என்று பின்னாலிருந்து ஒருவர் இந்தியில் கத்தினார்: "க்யா ஹுவா பாய்?" ஓட்டுநர் கையை எடுக்காமல், "தீதீ கா ஆத்மி சமுந்தர் மே ஹை" என்று கத்தினார். அக்காவின் புருஷன் கடலில் இருக்கிறார் என்று பஸ் முழுக்கப் புரிந்துவிட்டது. ஒருவர்கூட அதற்குப் பிறகு காதைப் பொத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் பின்னால் நின்ற கார் ஒன்றும் ஹார்ன் அடித்தது. எரிச்சலில் அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, தாளம் போட்டு அடித்தார்கள். அந்த ஊரில் கால்பந்து ஜெயித்தாலும் தேசிய தினம் வந்தாலும் கடலோரச் சாலையில் இப்படித்தான் அடிப்பார்கள். ஒருவர் ஆரம்பித்தால் போதும். அடுத்த கார், அதற்கடுத்த கார் என்று தூசிக்குள்ளேயே சத்தம் வரிசையாகப் போனது. ஒரு குவைத்திப் பையன் ஜன்னலை இறக்கி, எந்த அணி ஜெயித்தது என்று ஓட்டுநரிடம் கேட்டான். அவர் அரபியில் என்ன சொல்வது என்று தெரியாமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பையன் கூச்சல் போட்டுக்கொண்டே இன்னும் பலமாக அடித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததற்காக என் மேலேயே ஆத்திரமும் வந்தது.

காவல் அறை இளைஞர் ஜீப்பில் வந்தார். பஸ்ஸைத் தட்டி ஹார்னை நிறுத்தச் சொன்னார். என்னைப் படிக்கட்டில் பார்த்ததும் புரிந்துகொண்டார். பாக்கெட்டிலிருந்து தாளை எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் பஸ் நம்பரைப் பார்த்து முகாலஃபாவை எழுதினார். கிழித்து ஓட்டுநரிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "எழுதியாகிவிட்டது. இனி அடி" என்றார். ஜீப்பைத் திருப்பி, அதன் சுழல் விளக்கைக் கடலைப் பார்த்துப் போட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்தார்.

முதலில் ஒரு படகு வந்தது. பழுப்புக்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிந்ததும் நான் இறங்கி ஓடினேன். எகிப்துக்காரர்கள். தலை முதல் கால் வரை மண் பூசியிருந்தார்கள். தெற்கே எங்கேயோ போய்க்கொண்டிருந்ததாகவும் சத்தம் கேட்டுத் திரும்பியதாகவும் சொன்னார்கள். வேறு படகைப் பார்த்தீர்களா என்றேன். தங்கள் கையையே பார்க்க முடியவில்லை என்றார்கள். அவர்கள் என்னிடம் நல்லபடியாகத்தான் பேசினார்கள். ஆனால் அவர்கள் வந்ததில் எனக்குத் துளி சந்தோஷம் வரவில்லை. வேறொருத்தியின் புருஷன் வந்துவிட்டான், என் ஆள் வரவில்லை என்றுதான் மனசு சொன்னது.

காற்று கொஞ்சம் தணிந்தது. சாலையின் கோடு தெரிய ஆரம்பித்ததும் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. தாளம் குறைந்தது. அடுத்து அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு ஒலித்தது. ஓட்டுநர் ஹார்னிலிருந்து கையை எடுத்தார். மீதி நின்ற கார்களும் நிறுத்தின. தொழுகைக்கு அழைக்கும்போது யாரும் சத்தம் போடமாட்டார்கள். அது சரிதான். எனக்கும் அது தெரியும். ஆனாலும் பாங்கு முடிகிற வரை நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இந்த நேரத்தில் அவர் திசை மாறிவிட்டால்? இந்த நேரத்தில் அந்தப் பாலத்துக்குள் போய்விட்டால்? விதவையாகி ஊருக்குப் போகிற விமானத்தில் நான் உட்கார்ந்திருப்பது வரை மனசு ஓடிவிட்டது.

பாங்கு முடிந்தது. யாரும் உடனே ஹார்னைத் தொடவில்லை. அந்த இடைவெளியில் எனக்கு எஞ்சின் சத்தம் கேட்டது.

அந்த எஞ்சினுக்கு ஒரு இருமல் உண்டு. எட்டுத் தட்டுக்கு ஒருதரம் இருமும். மாற்றச் சொல்லி எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். கடலுக்குள்ளிருந்து அந்த இருமல் வந்தது. நான் வாய்விட்டுக் கத்தினேன். ஓட்டுநர் ஹார்னை அமுக்கினார். இந்த முறை பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

படகு ஆர்பருக்குள் வந்தது. ராமநாதபுரத்துக்காரர் முன்னால் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்திருந்தார். பின்னால் என் வீட்டுக்காரர். கண் இமையெல்லாம் மண். பல் மட்டும் வெள்ளை. கயிற்றைப் போட்டு மேலே ஏறினார். வரிசையாக நின்ற வண்டிகளையும், சுழல் விளக்கையும், கத்துகிற பஸ்ஸையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏட்டி, யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

என் கைப்பையால் அவர் தோளில் அடித்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. பைக்குள் சாப்பாட்டு டப்பா இருந்தது. வலித்திருக்கும். அவர் தடுக்கவில்லை. ஜீப்பில் இருந்த இளைஞர் மரியாதைக்காக முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வெளக்கு எடத் தோளுலதான் இருந்துது பிள்ளே" என்றார், அடி நின்ற பிறகு. "சரியாத்தான் வந்தேன். பாத்தா ரோட்டு ஹார்ன் சத்தம் வலத்து பக்கம், தூர வடக்க கேக்குது. ரோடு நம்ம ஆர்பர் பக்கமுல்லா, அது எப்பிடி எனக்கு வடக்க போவும்னு நெனச்சேன். ஒண்ணு எனக்குப் பைத்தியம், இல்லன்னா வெளக்குக்கு." சொல்லிவிட்டு, கட்டிய கயிற்றையே மறுபடி அவிழ்த்துக் கட்டினார்.

பிறகு ஓட்டுநரிடம் போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நன்றி என்று சொல்லத் தெரியாதவர். படகிலிருந்து இரண்டு பெரிய மீனை எடுத்துப் பஸ் படிக்கட்டில் வைத்தார். கேம்ப் மெஸ்ஸில் அன்றைக்கு மீன்குழம்பு என்று ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள்.

சில நாள் அவர் கடலுக்குப் போகவில்லை. வலையைத் தைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கிளினிக்கில் ஊசி போட வருகிறவர்களோடு சேர்ந்து நானும் காலண்டரில் கட்டிக் கிடந்த படகுகளைப் பார்த்தேன்.

பிறகு ஒருநாள் விடியும் முன் எழுந்து சட்டையைப் போட்டார். ஃபிரிட்ஜின் மேலிருந்த பூத்துணியை எடுத்து மடித்து வைத்தார். ஜி.பி.எஸ். கருவியின் உறையைக் கிழித்து அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. கதவைத் திறந்துவிட்டு நான் ஒதுங்கி நின்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், வாசல் நிலையைப் பார்த்துச் சொன்னார்:

"வடக்க போறேன். நாலு மணிக்கு வருவேன்."

அவர் அப்பாவும் சொன்னதில்லை, என் அப்பாவும் சொன்னதில்லை. எங்கள் கடற்கரையில் ஒரு ஆம்பிளை இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்காகச் சொன்னார் என்று தெரிந்தது. அவர் போய்விட்டார்.

அன்று நான் பார்த்ததெல்லாம் கடிகாரம். வானம் தெளிவு, காற்று இல்லை, பெரிய விளக்கை மறுபடி ஏற்றிவிட்டதாக ஓட்டுநர் போனில் சொன்னார். ஒன்றுக்கும் பயப்படத் தேவையில்லை. மூன்று மணிக்கே ஆர்பரில் போய் நின்றேன். நாலு அடித்தது. அவர் வரவில்லை. நாலு ஐந்து. இத்தனை வருடத்தில் அவர் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை, நேரமே சொல்லாதபோது தாமதம் எங்கிருந்து வரும்? இன்றைக்கு நாலு ஐந்திலேயே தாமதம். நாலு பத்தில் துறையின் விளிம்பு வரை போய்க் கடலை எட்டிப் பார்த்தேன். காவல் அறை இளைஞர் என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். நான் அசைக்கவில்லை. என் அம்மா ஏன் கேட்கவில்லை என்று அப்போது எனக்கு விளங்கியது. பயந்து அல்ல. இந்தக் கடிகாரத்தை அவள் தன் வீட்டுக்குள் விடவில்லை.

நாலே காலுக்கு வந்தார். கருவி கழுத்தில் கயிற்றில் தொங்கியது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன் பிள்ளே இங்க நிக்க? சொன்ன நேரத்துக்கு வந்துட்டேன்லா?"

"வந்துட்டீங்க" என்றேன். மீன் கூடையின் ஒரு காதை நான் பிடித்துக்கொண்டேன். பாதி வழி நடந்தோம். பிறகு சொன்னேன்:

"இனிமே எந்தப் பக்கம் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நேரம் சொல்லண்டாம்."